‘சமாளிக்கிறோம்’ என்ற சொல்லோடு மூடப்படும் கோப்புகள்

வாசகர் கேள்வி:

என் தாயாருக்கு 79 வயது. வடமராட்சியில் பிறந்து எட்டாம் வகுப்புவரை படித்தவர். 1999ஆம் ஆண்டிலிருந்து வடமேற்கு லண்டனில் எங்களோடு இருக்கிறார். மூன்று ஆண்டுகளாக மறதி கூடிக்கொண்டு வருகிறது. முதலில் குடும்ப வைத்தியரிடம் போனபோது நானே மொழிபெயர்த்தேன். வயதுக்கு ஏற்ற மறதிதான் என்று அனுப்பிவிட்டார்கள். சென்ற ஆண்டு ஜூலைக் கடைசியில் மெமரி கிளினிக்கில் தொலைபேசி வழியாக ஒரு மொழிபெயர்ப்பாளரை ஏற்பாடு செய்திருந்தார்கள். இது என்ன பருவகாலம் என்று கேட்டபோது அம்மா “சோளகம்” என்றார். தமிழ்நாட்டுக்காரரான மொழிபெயர்ப்பாளர், சோளத்தைப் பற்றி ஏதோ சொல்கிறார் என்று ஆங்கிலத்தில் கூறினார். கடைசியில் அல்சைமரும் இரத்தக்குழாய் சார்ந்த டிமென்ஷியாவும் (மறதிநோய்) கலந்திருப்பதாக முடிவு சொன்னார்கள். பிறகு வந்த சோஷல் வேர்க்கரிடம் அண்ணா “நாங்கள் சமாளிக்கிறோம்” என்றார். அதன்பின் ஒருவரும் எட்டிப்பார்க்கவில்லை. அம்மா விழுந்து வைத்தியசாலையில் இருந்துவிட்டு வந்தபோது சில வாரங்களுக்குக் கேரர் அனுப்பினார்கள். குளிக்க வார்க்க முனைந்தால் சேலையைப் பிடித்துக்கொண்டு கத்தினார். தெற்காசிய முதியோருக்கான டே சென்டர் ஒன்றுக்கு இரண்டு நாள் அனுப்பினோம். அங்கே எல்லோரும் குஜராத்தியிலும் ஹிந்தியிலும் பேசினார்கள். அம்மா யன்னலோரம் இருந்து அழுதாராம். நான் வேலையைப் பகுதிநேரமாகக் குறைத்துக்கொண்டேன். அடுத்த மாதம் எங்கள் கவுன்சில், தெற்காசியக் குடும்பங்களுக்கான டிமென்ஷியா சேவைகளை எப்படி மேம்படுத்தலாம் என்று பேச ஒரு கூட்டத்துக்கு என்னை அழைத்திருக்கிறது. வெளியாட்களிடம் வீட்டுக் கதையைச் சொல்வதா என்று அண்ணா கோபிக்கிறார். நான் போகலாமா? போனால் என்ன சொல்வது?

– ஒரு மகள், லண்டன்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் தாயார் சொன்னது சரியான விடை. வைகாசி தொடங்கிப் புரட்டாதிவரை தென்மேற்கிலிருந்து வீசும் காற்றையும் அந்தக் காலத்தையும் சோளகம் என்று சொல்லி வளர்ந்த ஒருவர், ஆடி மாதத்தில் பருவகாலம் எதுவென்று கேட்கப்பட்டபோது வேறு எதைச் சொல்லியிருக்க முடியும்? அந்தக் கேள்விக்கான புள்ளி அவருக்குக் கிடைத்திருக்க வேண்டும். மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்றே பிழை செய்தார் என்று நான் நினைக்கவில்லை. ‘தமிழ்’ என்று படிவத்தில் ஒரு சொல் எழுதப்பட்டிருந்தது. தமிழ் பேசும் ஒருவர் வந்தார். கடமை முடிந்தது என்று எல்லோரும் எண்ணிவிட்டார்கள். நீங்கள் கேட்டிருக்கும் பெரிய கேள்விக்கான விடையின் பாதி, இந்தச் சிறிய சம்பவத்துக்குள்ளேயே இருக்கிறது.

அதற்காக நோய் நிர்ணயமே தவறு என்று எண்ணிவிடாதீர்கள். மூளை ஸ்கான், இரத்தப் பரிசோதனை, மூன்று ஆண்டுகளில் நீங்கள் கண்ட மாற்றங்கள் ஆகியவற்றைச் சேர்த்துத்தான் வைத்தியர்கள் முடிவுக்கு வருவார்கள். புள்ளிகள் அதில் ஒரு பகுதி. ஆனால் அந்தப் புள்ளிகளும் பொருட்படுத்தத்தக்கவையே. நோய் எவ்வளவு முற்றியிருக்கிறது என்பதைப் பின்னாளில் அவற்றோடு ஒப்பிட்டுத்தான் பார்ப்பார்கள். இங்கிலாந்தின் மெமரி கிளினிக்குகளில் பரவலாகப் பயன்படும் ஏ.சி.இ.-3 என்ற பரிசோதனைக்கு நூறு புள்ளிகள். ஆங்கிலம் படித்து, ஆங்கிலச் செய்தி கேட்டு வளர்ந்தவர்களை அளப்பதற்கு அது நல்ல கருவிதான். குறிப்பிட்ட ஓர் ஆங்கில எழுத்தில் தொடங்கும் சொற்களை ஒரு நிமிடத்தில் அடுக்கச் சொல்லும் கேள்வியை எட்டாம் வகுப்புவரை தமிழில் படித்த ஒருவரிடம், அதுவும் தொலைபேசியில் மொழிபெயர்த்துக் கேட்டால், அந்தக் கருவி அளப்பது நினைவாற்றலையா, பள்ளிக்கூடத்தையா என்று எனக்கே ஐயம் வருவதுண்டு. பல மொழிகள் பேசும் குடியேறிகளை மனத்தில் வைத்துச் சிட்னியில் உருவாக்கி 2004இல் வெளியிடப்பட்ட ருடாஸ் என்ற பரிசோதனை ஒன்றும் இருக்கிறது. முப்பது புள்ளிகள் கொண்ட அதில், கடைக்குப் போய் வாங்கவேண்டிய பொருட்களை நினைவில் வைத்திருக்கச் சொல்வார்கள். தெருவைக் கடக்கும்போது எதைக் கவனிப்பீர்கள் என்று கேட்பார்கள். படிப்பும் மொழியும் விளைவைக் குறைவாகவே பாதிக்கும்படி அமைத்தது அது. அடுத்த மதிப்பீட்டில் ருடாஸைப் பயன்படுத்தும்படியும், இலங்கைத் தமிழ் பேசும் மொழிபெயர்ப்பாளரை நேரில் அழைக்கும்படியும் கிளினிக்குக்கு இப்போதே எழுதிவையுங்கள். மொழிபெயர்ப்பாளருக்கு நீங்கள் பணம் கொடுக்க வேண்டியதில்லை.

முதல் தடவை நீங்கள் மொழிபெயர்த்ததைப் பற்றியும் ஒரு வார்த்தை. குடும்பத்தவரை மொழிபெயர்ப்பாளராக வைத்துக்கொள்வது நல்ல முறையன்று என்று, குடும்ப வைத்தியர் சேவைகளுக்காக அரச சுகாதார அமைப்பான என்.எச்.எஸ். இங்கிலாந்து 2018இல் வெளியிட்ட வழிகாட்டல் தெளிவாகக் கூறியது. அந்த விதி உங்கள் நேர்மையைச் சந்தேகிப்பதால் வந்ததன்று. தாய் தடுமாறும்போது மகளின் வாய் தானாக விடையை நோக்கிச் சாய்ந்துவிடும், “இண்டைக்கு என்ன கிழமை, நேற்றுத்தானே அம்மா வெள்ளி, கோயிலுக்குப் போனனாங்கள்?” என்று கேட்டுவிட்டு, “சனி என்று சொல்கிறார்” என்று மொழிபெயர்த்த மகள்மாரை நான் எத்தனையோ தடவை கண்டிருக்கிறேன். அன்பினால் செய்வதுதான், ஆனாலும் ஓர் ஆண்டு வீணாகிவிடுகிறது.

மருத்துவ விடயத்தில் இன்னொன்றையும் கேட்டுப்பாருங்கள். அம்மாவுக்கு நீரிழிவு இருந்து மெட்ஃபோர்மின் எடுப்பவராகவோ, மரக்கறி மட்டும் சாப்பிடுபவராகவோ இருந்தால், பி12 சத்து கடைசியாக எப்போது பார்க்கப்பட்டது என்று குடும்ப வைத்தியரிடம் விசாரியுங்கள். இரண்டுமே அந்தச் சத்தைக் குறைக்கக்கூடியவை; அந்தக் குறைபாடு மறதியைக் கூட்டும்; அதைத் திருத்துவது எளிது. காது கேட்பதையும் சோதிக்கச் சொல்லுங்கள். திடீரென்று ஓரிரு நாட்களில் குழப்பம் கூடினால், நோய் முற்றிவிட்டது என்று இருந்துவிடாமல், சிறுநீர்த் தொற்றோ மலச்சிக்கலோ இருக்கிறதா என்று அன்றைக்கே பார்க்க வேண்டும்.

இனி, உங்கள் அண்ணா சொன்ன அந்த ஒரு சொல். சோஷல் வேர்க்கர் முன்னால் ‘சமாளிக்கிறோம்’ என்று சொல்வது நம்மவர்களுக்கு மரியாதை. வீட்டுக்கு வந்தவரிடம் குறை சொல்லாத பண்பு அது. தாயைப் பார்ப்பதைச் சுமை என்று சொல்லக் கூசும் மனம் அது. ஆனால் அந்தச் சொல் ஆங்கிலத்தில் படிவத்துக்குள் இறங்கும்போது, ‘குடும்பம் தேவைகளை நிறைவேற்றுகிறது, மேலதிக உதவி தேவையில்லை’ என்றாகிவிடுகிறது. 2014ஆம் ஆண்டின் கேர் சட்டத்தின்படி, ஒருவருக்கு உதவி கிடைக்கத் தகுதி இருக்கிறதா என்பதை, குடும்பம் செய்யும் பணியைக் கணக்கில் எடுக்காமல்தான் முதலில் தீர்மானிக்க வேண்டும். அந்தப் பணியைத் தொடர்ந்து செய்ய நீங்கள் விரும்புகிறீர்களா, உங்களால் இயலுமா என்பதையும் கேட்க வேண்டும். நடைமுறையில், நெருக்கடியில் இருக்கும் ஒரு திணைக்களம், உதவி வேண்டாம் என்று சொல்லும் வீட்டை நம்பிக்கொள்வதற்கு மிகவும் ஆயத்தமாக இருக்கும். ‘ஆசியர்கள் தங்கள் ஆட்களைத் தாங்களே பார்த்துக்கொள்வார்கள்’ என்ற வசனத்தை நான் இந்த நாட்டில் பயிற்சிக்காலம் முதலே கேட்டு வருகிறேன். அதை முதலில் சொன்னவர்கள் இந்த நாட்டு அதிகாரிகளாக இருக்கலாம். திரும்பத் திரும்பச் சான்றொப்பம் இட்டுக் கொடுத்தவர்கள் நாங்கள்.

ஆகவே இரண்டு மதிப்பீடுகளை எழுத்தில் கேளுங்கள். ஒன்று அம்மாவின் தேவைகளுக்கான மறுமதிப்பீடு. நிலைமை மாறியிருப்பதால் அதைக் கேட்க உங்களுக்கு முழு நியாயம் உண்டு. மற்றது உங்களுக்கான மதிப்பீடு, அதாவது பராமரிப்பவர் என்ற முறையில் உங்கள் உடல்நிலை, உறக்கம், வேலை ஆகியவற்றைப் பற்றியது. அம்மா சேவைகளை மறுத்தாலும் உங்களுக்கான மதிப்பீட்டை மறுக்க முடியாது. அதற்கு முன் ஏழு நாட்களுக்கு ஒரு கொப்பியில் எழுதுங்கள். ‘இரவில் எழும்புவார்’ என்று எழுதாமல், ‘செவ்வாய் இரவு 1.10, 2.40, 4.05, கடைசித் தடவை வாசல் கதவைத் திறக்கப் பார்த்தார்’ என்று எழுதுங்கள். மருந்து கொடுக்க எத்தனை தடவை கேட்டீர்கள், எத்தனை உடுப்பு மாற்றினீர்கள், எந்த நாளில் வேலைக்குப் பிந்திப் போனீர்கள் என்பதெல்லாம் அதில் வரட்டும். மதிப்பீட்டுக்கு வருபவர் ‘எப்படிப் போகிறது?’ என்று கேட்கும்போது, பேசாமல் அந்தக் கொப்பியை நீட்டுங்கள். அண்ணாவும் பக்கத்தில் இருக்கட்டும். அவர் அதை வாசிப்பதும் நல்லதுதான்.

அண்ணாவைக் கடிந்துகொள்ளத் தோன்றவில்லை. முதுமையில் புத்தி தடுமாறினால் ‘அறளை பேந்திட்டுது’ என்று சொல்லிச் சிரித்துவிட்டு நகரும் ஊரிலிருந்து வந்தவர்கள் நாங்கள். அந்தச் சொல்லில் நோய் என்ற எண்ணமே இல்லை. வயது வந்தால் நடப்பதுதானே என்ற ஏற்பு மட்டுமே இருக்கிறது. அந்த ஏற்பில் ஓர் இரக்கமும் இருந்ததை நான் மறுக்கமாட்டேன். அறளை பெயர்ந்த கிழவியை ஊர் முழுவதும் அறியும், தெருவில் திரிந்தால் யாரோ கையைப் பிடித்துக் கொண்டுவந்து விடுவார்கள். லண்டனில் அந்தத் தெரு இல்லை. குடும்பத்தில் மூளை நோய் என்று தெரிந்தால் பிள்ளைகளின் கலியாணம் குழம்பும் என்ற பயமும் அண்ணாவுக்கு இருக்கக்கூடும். எழுபது வயதுக்குப் பின் தொடங்கும் டிமென்ஷியா பெரும்பாலும் பரம்பரையாகக் கைமாறும் நோயன்று என்பதை அவருக்குச் சொல்லுங்கள். இரத்த அழுத்தத்தையும் நீரிழிவையும் இப்போதே கட்டுப்பாட்டில் வைத்திருப்பதுதான் அவர் தமக்குச் செய்துகொள்ளக்கூடிய நன்மை.

குளிக்க வார்க்கும் சிக்கலுக்கு வருவோம். வடமராட்சிப் பெண் எப்படிக் குளித்திருப்பார் என்று யோசித்துப் பாருங்கள். கிணற்றடியில், மார்புக்கு மேலே துணியைச் சுற்றிக் கட்டும் குறுக்குக்கட்டோடு, வாளியால் அள்ளி ஊற்றிக் குளித்தவர். முழு உடுப்பையும் களைந்துவிட்டு, முகம் அறியாத ஒருவர் பக்கத்தில் நிற்க, தலைக்கு மேலிருந்து எங்கோ தண்ணீர் பீறிட்டு வருவது அவருக்கு எந்தக் காலத்திலும் குளிப்பாக இருந்ததில்லை. அண்மைய நினைவுகள் அழிய அழிய, லண்டன் குளியலறையும் அழிந்து கிணற்றடிதான் மிஞ்சும். கேரர் வருமுன் நீங்களே அம்மாவுக்கு ஒரு பழைய பருத்திச் சேலைத் துண்டால் குறுக்குக்கட்டுக் கட்டிவிடுங்கள். ஷவரை நிறுத்திவிட்டு, ஒரு வாளியில் இளஞ்சூட்டுத் தண்ணீரும் ஒரு சிறிய கோப்பையும் வையுங்கள். பிளாஸ்டிக் கதிரையில் இருத்தி, முதலில் காலில் ஊற்றி, பிறகு முதுகில் ஊற்றி, தலையைக் கடைசியில் விடச் சொல்லுங்கள். துணியை அவிழ்க்காமலே சவர்க்காரம் போட முடியும்; ஈரத்துணியை மாற்றும்போது மேலே காய்ந்த துவாயைப் போர்த்திவிட்டு உள்ளிருந்து உருவினால் போதும். என் நோயாளி ஒருவருடைய மருமகள் எனக்குச் சொல்லித்தந்த முறை இது. மருத்துவக் கல்லூரி எனக்கு இதைக் கற்பிக்கவில்லை.

இந்த முறையைப் பராமரிப்புத் திட்டத்தில் அப்படியே எழுதுவியுங்கள். பெண் கேரர்தான் வேண்டும் என்பதும், முடிந்தவரை ஒரே ஆள்தான் வரவேண்டும் என்பதும் அதில் இருக்கட்டும். கூடவே சமையலறைச் சுவரில் ஒரு தாள் ஒட்டுங்கள். அம்மா பயன்படுத்தும் பத்துப் பன்னிரண்டு சொற்களை ஆங்கில எழுத்தில் எழுதி, பொருளைப் பக்கத்தில் போடுங்கள்: ‘நோகுது’, ‘ஒண்டுக்கு’, ‘விடாய்க்குது’, ‘குளிருது’, ‘வேண்டாம்’. இவற்றில் ‘நோகுது’ மிக முக்கியமானது. அந்தச் சொல் விளங்காத இடத்தில், வலியால் கத்துவது ‘முரட்டு நடத்தை’ என்று பதிவாகி, வலிமாத்திரைக்குப் பதிலாக மயக்கும் மருந்து வந்து சேர்ந்துவிடக்கூடும். டிமென்ஷியா உள்ளவர்களுக்கு மனநோய் மருந்துகள் பக்கவாத அபாயத்தைக் கூட்டும் என்பதால், அப்படியொன்றை யாராவது எழுதித்தந்தால், எதற்காக, எத்தனை வாரத்துக்கு, எப்போது நிறுத்துவீர்கள் என்று கேளுங்கள்.

டே சென்டரிலிருந்து அம்மாவை நிறுத்தியது சரியா என்ற குற்றவுணர்வு உங்கள் கடிதத்தில் தெரிகிறது. அந்த இடத்திலிருந்து நிறுத்தியது சரிதான். டிமென்ஷியாவில், பின்னால் கற்ற மொழி முதலில் விலகிப்போவது வழக்கம். உங்கள் தாயார் கடையிலும் பஸ்ஸிலும் பழகிய கொஞ்ச ஆங்கிலமும் கழன்றபின், குஜராத்தி பேசும் அறை அவருக்கு அந்நியமான இன்னோர் இடம் மட்டுமே. ‘தெற்காசியர்’ என்பது திட்டமிடுபவர்களின் மேசையில் பிறந்த சொல். 2021ஆம் ஆண்டுக் குடித்தொகைக் கணக்கெடுப்பின்படி இங்கிலாந்திலும் வேல்ஸிலும் தமிழை முதன்மை மொழியாகக் கொண்டவர்கள் சுமார் 125,000 பேர் இருக்கிறார்கள். ஆனாலும் இனப் பிரிவுப் படிவத்தில் ஈழத்தமிழருக்கென்று ஒரு பெட்டி இல்லாததால், பலர் ‘வேறு ஆசியப் பின்னணி’ என்ற பெட்டிக்குள் கரைந்துபோகிறார்கள். எண்ணிக்கையில் தெரியாதவர்களுக்குச் சேவை வருவதில்லை.

மொழியறிந்து செய்தால் என்ன நடக்கும் என்பதற்கு நல்ல முன்னுதாரணங்கள் இருக்கின்றன. பிராட்ஃபோர்டில் 2006இல் தொடங்கிய ‘மேரி யாதேன்’ என்ற முயற்சி, தெற்காசியக் குடும்பங்களிடம் அவர்கள் மொழியிலேயே டிமென்ஷியாவைப் பற்றிப் பேசத் தொடங்கியது. நினைவாற்றலைத் தூண்டும் குழுச் சிகிச்சை ஒன்று இங்கிலாந்தில் உருவாகி, ஆரம்ப நிலையிலும் நடுத்தர நிலையிலும் உள்ளவர்களுக்கு உதவுவதாக ஏற்கப்பட்டுள்ளது. பதினான்கு அமர்வுகள் கொண்ட அதைச் சென்னையிலுள்ள ஸ்கார்ஃப் என்ற மனநல ஆய்வு நிறுவனத்தார் தமிழில் தகவமைத்து நடத்திப் பார்த்து, 2017இல் அதைப் பற்றி எழுதியும் இருக்கிறார்கள். அதாவது லண்டனில் பிறந்த சிகிச்சை சென்னைக்குப் போய்த் தமிழ் கற்றுக்கொண்டது. அதை லண்டனிலுள்ள தமிழ் முதியவர்களுக்குத் திரும்ப வரவழைப்பதற்குத் தேவைப்படுவது பெரிய கட்டடமன்று: ஒரு கோயில் மண்டபம், வாரத்தில் இரண்டு முற்பகல், பயிற்சி பெற்ற இருவர், வீட்டிலிருந்து ஏற்றி இறக்க ஒரு வாகனம். பிட்டும் சம்பலும் இருந்தால் இன்னும் நல்லது.

கூட்டத்துக்குக் கட்டாயம் போங்கள். இத்தகைய கூட்டங்களில், ‘எங்கள் சமூகத்தில் விழிப்புணர்வு இல்லை’ என்று நம்மவர்களே எழுந்து சொல்வதும், அதைக் கேட்டு எல்லோரும் தலையாட்டுவதும், பிறகு ஒரு துண்டுப்பிரசுரம் தமிழில் அச்சாவதும் நான் பலமுறை கண்ட காட்சி. விழிப்புணர்வுக் குறை உண்மைதான். ஆனால் உங்கள் குடும்பம் வைத்தியரிடம் போனது, கிளினிக்குக்குப் போனது, டே சென்டருக்கும் போனது. ஒவ்வொரு வாசலிலும் வழி தவறியது சேவையின் பக்கத்தில். சோளகக் கதையைச் சொல்லுங்கள். பிறகு கேட்கவேண்டியதைக் கேளுங்கள்: டிமென்ஷியா பதிவேட்டில் உள்ளவர்களின் இனத்தோடு, வீட்டில் பேசும் மொழியும் பதிவாகிறதா? தமிழ் பேசுவோர் எத்தனை பேர்? சென்ற ஆண்டு ‘குடும்பம் சமாளிக்கிறது’ என்ற குறிப்போடு மூடிய கோப்புகளில், ஆறு மாதத்துக்குள் திரும்பவும் ஒரு தொலைபேசி அழைப்பாவது போனவை எத்தனை? 2010ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டம், பொது நிறுவனங்கள் இத்தகைய வேறுபாடுகளைக் கருத்திற்கொண்டே திட்டமிட வேண்டும் என்று கட்டாயப்படுத்துகிறது. அதனால் இவை சலுகைக்கான கேள்விகள் ஆகமாட்டா.

அவசரம் என்ன என்று யாராவது கேட்டால் சொல்ல இரண்டு தரவுகள் தருகிறேன். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் கறுப்பின, ஆசிய, ஏனைய சிறுபான்மைச் சமூகங்களில் டிமென்ஷியா உள்ளவர்கள் சுமார் 25,000 பேர் என்றும், 2051இல் அந்தத் தொகை 172,000ஐத் தாண்டும் என்றும் அனைத்துக்கட்சி நாடாளுமன்றக் குழு 2013இல் மதிப்பிட்டது. லண்டன் யுனிவர்சிட்டி கொலேஜ் ஆய்வாளர்கள் 2022இல் வெளியிட்ட ஆய்வில், டிமென்ஷியா உள்ள தெற்காசியர்கள், அதே நோயுள்ள வெள்ளையரைவிடச் சராசரியாக ஏறக்குறைய 3 ஆண்டுகள் இளமையில் இறப்பதாகக் கண்டார்கள்.

பணமும் பத்திரமும் பற்றிச் சுருக்கமாக. அம்மாவுக்கு அட்டெண்டன்ஸ் அலவன்ஸ் (பராமரிப்புத் தேவைப்படும் முதியோருக்கான அரச கொடுப்பனவு) விண்ணப்பித்தீர்களா? அதற்கு வருமானமோ சேமிப்போ பார்ப்பதில்லை. இரவிலும் பார்க்க வேண்டியிருந்தால் கூடிய தொகை கிடைக்கும். அவருடைய குடிவரவு நிலைமையில் அரச உதவிக்குத் தடை ஏதும் இருந்தால், முதலில் ஓர் ஆலோசகரிடம் காட்டுங்கள். கவுன்சில் உதவிக்குத் தகுதி கிடைத்தால், நேரடிக் கொடுப்பனவாக அதைப் பெற்று, தமிழ் பேசும் ஒருவரை நீங்களே வேலைக்கு அமர்த்தலாம். ஒரே வீட்டில் வசிக்கும் நெருங்கிய உறவினருக்கு அதிலிருந்து சம்பளம் கொடுப்பதைச் சாதாரணமாக அனுமதிப்பதில்லை. அம்மா இன்னும் விளங்கிச் சம்மதிக்கக்கூடிய நிலையில் இருந்தால், சொத்துக்கும் உடல்நலத்துக்குமான நிரந்தர அதிகாரப் பத்திரங்களைத் தாமதமின்றி எழுதிவிடுங்கள். அந்த நிலை கடந்துவிட்டால் நீதிமன்றத்துக்குத்தான் போகவேண்டிவரும். உங்கள் வேலையைப் பொறுத்தவரை, 2024 ஏப்ரலிலிருந்து பராமரிப்பவர்களுக்கு ஆண்டுக்கு ஒரு வாரம் சம்பளமில்லாத விடுமுறை சட்டப்படியான உரிமை. இன்னும் நாட்களைக் குறைக்குமுன் அதைப் பயன்படுத்துங்கள்.

கடைசியாக ஒன்று. அழைப்பிதழ் அனுப்பியவருக்கு இன்றைக்கே பதில் எழுதி, ‘கூட்டம் நடக்கும் நேரத்தில் என் தாயாரோடு யார் இருப்பார், அவருக்குத் தமிழ் தெரியுமா?’ என்று கேளுங்கள். என்ன பதில் வந்தாலும் அதை அச்செடுத்துக் கூட்டத்துக்குக் கொண்டுபோங்கள்.